குளம் தெப்பமான கதை

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "இருபது நிமிஷம் பேசணும். உன் தொழில் அனுபவத்தைப் பத்திச் சொல்லேன்" என்றார். 1984இல் இங்கிருந்து மெக்கானிக்கல் முடித்து வெளியே போனவன் நான். முப்பத்தைந்து வருஷம் பம்பு செய்யும் தொழிலிலேயே காலம் தள்ளிவிட்டேன். "தொழில் அனுபவத்தைச் சொன்னா சாப்பாட்டுக்கு முன்னாடியே பாதிப் பேர் தூங்கிடுவாங்க. வீட்டுக்குப் பின்னால நானே நீச்சல் குளம் கட்டித் தோத்த கதையைச் சொல்றேன்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "தோத்த கதைன்னா எல்லாரும் கேப்பாங்க, சொல்லு" என்றார். அந்த தைரியத்தில் நிற்கிறேன்.

நான் குடியிருப்பது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில். ராமானுஜர் அவதரித்த ஊருக்குப் பக்கம் என்றால் பெரியவர்களுக்குப் புரியும். கார் கம்பெனிகள் இருக்கிற பக்கம் என்றால் பிள்ளைகளுக்குப் புரியும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தார்கள். வல்லம், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் பூங்காக்கள் விரிந்துகொண்டே போயின. நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு மனை பிரித்தார்கள். அப்படி ஒரு மனையைத்தான் 2009இல் நான் வாங்கினேன். "கிழக்குப் பார்த்த மனை, தார் ரோடு, எந்தக் கோடையிலும் வத்தாத தண்ணி" என்றார் தரகர். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை. அந்த மூன்றாவது வார்த்தை எவ்வளவு உண்மை என்பதுதான் இந்தக் கதையே.

வீட்டின் பின்புறம் நின்று பார்த்தால் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை தெரியும். ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். என் மனை இருப்பது அந்த ஏரியின் பழைய ஆயக்கட்டில், அதாவது மதகு வழியாகத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில். இதெல்லாம் பத்திரத்தில் நஞ்சை என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறது. நான் படித்தேன். ஆனால் படித்ததோடு சரி.

2020 ஊரடங்கில் பேரன் பேத்திகள் எங்கள் வீட்டோடு வந்து தங்கினார்கள். பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை, நகரத்து நீச்சல் குளங்களையும் மூடிவிட்டார்கள். "தாத்தா, நம்ம வீட்டுலயே ஒரு குளம் கட்டிடலாமே" என்றாள் பேத்தி. வெளியே எல்லோருக்கும் நான் சொன்ன காரணம் அதுதான். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் நம் வகுப்புத் தோழன் ஒருவன் போனிலேயே உற்சாகம் ஏற்றினான். அங்கே இதற்கென்றே பெட்டியில் அடைத்து விற்கிறார்களாம். இரும்புத் தகட்டுச் சுவர், உள்ளே வினைல் விரிப்பு, பம்பு, வடிகட்டி எல்லாம் இருக்கும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சில வார இறுதிகளில் பொருத்தி முடித்துவிடுவார்களாம். முழுக் குளத்தையும் ஒரே பைபர் கிளாஸ் தொட்டியாக லாரியில் கொண்டுவந்து குழியில் இறக்கிவிடுவதும் உண்டு. "நம்ம ஊருல மேஸ்திரியும் சிமெண்டும் இருக்கறப்போ அதெல்லாம் எதுக்குடா?" என்றேன் பெருமையாக.

பேப்பர் எடுத்துப் படம் போட்டேன். உள்ளளவு 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழம். நம் கணக்கில் இருபதுக்குப் பத்தடி, நாலரை அடி ஆழம். கொள்ளளவு 25,200 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி இரண்டு. தரையும் சுவரும் 15 சென்டிமீட்டர் கான்கிரீட். தண்ணீர் உள்ளேயிருந்து சுவரை வெளியே தள்ளும், அதற்குக் கம்பி. மண் வெளியிலிருந்து உள்ளே தள்ளும், அதற்கும் கம்பி. இரண்டு கணக்கையும் மூன்று முறை சரிபார்த்தேன். மெக்கானிக்கல்காரன் சிவில் வேலை செய்கிறான் என்று யாரும் கை தட்டிச் சிரிக்கக் கூடாது என்ற வைராக்கியம்.

2021 ஏப்ரலில் ஜே.சி.பி. வைத்துக் குழி தோண்டினோம். அஞ்சடி ஆழம் வரை காய்ந்த களிமண். ஒரு சொட்டு ஈரம் கிடையாது. எனக்கு அதில் ரொம்பத் திருப்தி. எதிர் வீட்டுப் பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து குழியை எட்டிப் பார்த்தார். என் மனை இருக்கிற அதே நிலத்தில் ஒரு காலத்தில் ஏர் ஓட்டியவர்.

"சார், இது ரெண்டு போகம் வெளைஞ்ச பூமி. ஐப்பசி கார்த்திகையில இங்க ஊத்து கெளம்பும். அப்ப வந்து பாருங்க" என்றார்.

"ஐயா, நான் கட்டறது கான்கிரீட் தொட்டி. ஊத்து வந்தாலும் உள்ள வராது" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். உள்ளே வராது என்று நான் சொன்னது சரிதான். வராததால்தான் வினையே வந்தது.

கம்பி கட்டி முடித்த வாரம் மறுபடியும் ஊரடங்கு. மே மாதம் முழுக்கக் கம்பி மழையிலும் வெயிலிலும் கிடந்து துரு ஏறியது. ஜூனில் நானும் மருமகனும் உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். பிறகு மேஸ்திரியும் ஆட்களும் வந்து தரைக்குக் கான்கிரீட் போட்டார்கள். தரையும் சுவரும் சேரும் இடத்தில்தான் எந்தத் தொட்டியும் கசியும். அதனால் அந்த இணைப்பில் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப்பர் பட்டையை வைத்துச் சுவர் எழுப்பினோம். இரண்டு வாரம் தண்ணீர் கட்டி நனைத்தோம். குழாய் வேலை, மோட்டார், மணல் வடிகட்டி எல்லாம் என் கைவேலை. அதில் மட்டும் யாரையும் தொட விடவில்லை.

கசிவு பார்ப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. வீட்டில் சம்ப் கட்டியிருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். தொட்டியை நிரப்பி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டிலும் தண்ணீர் நிரப்பித் தொட்டியின் படியில் வையுங்கள். இரண்டிலும் தண்ணீர் மட்டத்தில் கோடு போடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருக்க வேண்டும். அது வெயில் குடித்த தண்ணீர். தொட்டியில் மட்டும் அதிகம் குறைந்திருந்தால் அது கசிவு. என் தொட்டியில் ஒரு நூல் கூட வித்தியாசம் இல்லை. மேஸ்திரிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் குளத்தைத் திறந்தோம். தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். மூன்று வாரம் ஒரே கொண்டாட்டம்.

2021 நவம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் பக்கம் ஏரிகள் எல்லாம் ததும்பின. "பிள்ளைப்பாக்கம் ஏரி கோடி போகுது" என்று ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. தெருத் தண்ணீர் என் குளத்துக்குள் பாய்ந்து, குளம் செம்மண் குழம்பு ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. சேற்றைக் கழுவிவிடலாம் என்று மோட்டாரைப் போட்டு மொத்தத் தண்ணீரையும் இறைத்தேன்.

பெரியவர் மறுபடியும் வந்தார். "சார், ஏரி கோடி போற நேரத்துல தொட்டியைக் காலி பண்றீங்களே! இப்ப நாங்க கெணத்தைக் கூட எறைக்க மாட்டோமே" என்றார்.

"சேறு, ஐயா. கழுவி விட்டுட்டு நாளைக்கே நெரப்பிடுவேன்" என்றேன்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். பின்பக்கம் படீரென்று ஒரு சத்தம். தென்னை மட்டை விழுந்திருக்கும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். காலையில் என் மனைவிதான் முதலில் பார்த்தாள். உள்ளே வந்து, "என்னங்க, நம்ம குளம் எந்திரிச்சு நிக்குதுங்க" என்றாள். அவள் சொன்னது விளங்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன்.

உண்மையிலேயே எழுந்துதான் நின்றது. தெற்குப் பக்கச் சுவர் தரைமட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரம் வந்திருந்தது. வடக்குப் பக்கம் நாலு விரற்கடை. நடுத் தரையில் குறுக்கே வெடிப்பு. நான் ஆசை ஆசையாய்ப் பொருத்திய குழாய்கள் முறிந்து, முறிந்த வாயிலிருந்து பளிங்கு மாதிரி ஊற்றுத் தண்ணீர் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் குளம் தானே நிரம்பி, தானே இறங்கி உட்கார்ந்தது. ஆனால் கோணலாக உட்கார்ந்தது. அடியில் மண் சரிந்து போயிருந்தது. மூன்றரை லட்ச ரூபாயும் ஏழு மாத உழைப்பும் ஒரே ராத்திரியில் போயின.

திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள், கல்லே தெப்பமாக மிதந்தது என்று படித்திருக்கிறோம். அவர் மகான். நான் செய்த பாவத்துக்கு எனக்குக் கான்கிரீட் மிதந்தது. ஊரில் கோயில் குளத்தில் தெப்பம் விடுவார்கள். என் வீட்டில் குளமே தெப்பம் ஆகிவிட்டது.

அன்று ராத்திரி சிவில் பிரிவு நண்பனுக்குப் போன் செய்தேன். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறானே, இவன்தான். அவன் ஒரே கேள்விதான் கேட்டான்.

"டேய், தொட்டி நிறைஞ்சிருக்கறதுக்குக் கணக்குப் போட்டே சரி. காலியா இருக்கறதுக்குப் போட்டியா?"

போடவில்லை. அதற்கு அப்புறம் போட்டேன். ஐந்து நிமிஷக் கணக்கு. ஹைட்ராலிக்ஸ் சார் முன்னால் உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே சொல்கிறேன்.

தொட்டியின் வெளியளவு 6.3க்கு 3.3 மீட்டர். தரையின் அடிப்பாகம் வரை ஆழம் 1.55 மீட்டர். பெருக்கினால் 32 கன மீட்டர். நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால், ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, 32 டன் விசை அந்தத் தொட்டியை மேலே தூக்கும். தொட்டியின் எடை எவ்வளவு? தரையும் சுவரும் சேர்ந்து 7 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு இரண்டரை டன் வீதம் பதினேழரை டன். உள்ளே 25 டன் தண்ணீர் இருக்கும்போது மொத்தம் 42 டன்னுக்கு மேல். அசையாது. அந்த 25 டன்னை நான் மோட்டார் போட்டு இறைத்துவிட்டேன். பதினேழரை டன் இரும்பும் சிமெண்டும் 32 டன் விசைக்கு முன்னால் என்ன செய்யும்? சுற்றியுள்ள மண்ணின் பிடிமானம் கொஞ்சம் தாங்கும், ஊறிய களிமண் எவ்வளவு தாங்கும்? இன்னும் கணக்குப் பார்த்தால், நிலத்தடி நீர் தரைக்கு 70 சென்டிமீட்டர் கீழே வரும்போதே காலித் தொட்டி கிளம்பத் தயாராகிவிடும். அன்று என் வீட்டில் அது ஒரு சாண் ஆழத்தில் இருந்தது.

தண்ணீர் தொட்டிகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3370 இதைத்தான் வற்புறுத்துகிறது. தொட்டி நிறைந்திருக்கும் நிலை, தொட்டி காலியாக இருந்து வெளியே மண்ணும் நீரும் அழுத்தும் நிலை, இரண்டையும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீரைத்தான் நான் எதிரி என்று நினைத்தேன். அதுதான் என் தொட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் குழி தோண்டி ஈரம் இல்லை என்று சந்தோஷப்பட்டேனே, அது பரீட்சைக்கு முதல் நாள் பாடத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் படித்த கதை. நம் ஊரில் நிலத்தைப் பற்றி ஏப்ரலில் கேட்கக் கூடாது, கார்த்திகையில் கேட்க வேண்டும். கார்த்திகை வரை காத்திருக்க முடியாதென்றால், அந்த நிலத்தில் உழுதவரைக் கேட்க வேண்டும். நான் கேட்காமலே அவர் வந்து சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

நம் முன்னோர் வெட்டிய கோயில் குளங்களைப் பாருங்கள். சுற்றிலும் கல் படி, அடியில் பெரும்பாலும் மண். ஊற்றுத் தண்ணீர் உள்ளே வரும், வெளியே போகும். இரண்டு பக்கமும் ஒரே மட்டம் ஆவதால் தூக்குவதற்கு விசையே இல்லை. வயல்வெளி பம்ப்செட் தொட்டியைப் பாருங்கள். அதில் குதித்து விளையாடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? அது தரைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். வாய்க்காலுக்குத் தண்ணீர் விழ வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். ஆனால் அது மிதக்கவும் மிதக்காது. இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் ஒன்றைக் கட்டியவன் நான்.

2022 கோடையில் மறுபடியும் கட்டினேன். மனைவி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பள்ளத்தை மூடி வாழை வைங்க" என்றாள். இந்தத் தடவை நண்பனை வரவழைத்து உட்கார வைத்து, பெரியவரையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் படம் போட்டோம். அதே நீளம், அகலம், ஆழம். ஆனால் தரைக்குக் கீழே 60 சென்டிமீட்டர்தான், மீதி 80 சென்டிமீட்டர் தரைக்கு மேலே, பம்ப்செட் தொட்டி மாதிரி. அடித் தரையை 20 சென்டிமீட்டர் கனமாக்கினோம். இப்போது கணக்கு என்ன? நிலத்தடி நீர் தரைமட்டம் வரை வந்தாலும் தூக்கும் விசை பதினாறரை டன். தொட்டி எடை 20 டன். காலியாக இருந்தாலும் உட்கார்ந்திருக்கும். மேலே தெரியும் சுவருக்கு வெளியே மண் முட்டு இல்லாததால் அதற்குக் கம்பி கூட்டிப் போட்டோம். பக்கத்தில் ஆறடி ஆழத்துக்குத் துளையிட்ட குழாய் ஒன்றை இறக்கி வைத்தோம். அதில் குச்சி விட்டுப் பார்த்தால் மண்ணுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். முழுதும் தரைக்குள்தான் வேண்டும் என்பவர்கள், அடித் தரையைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன்மேல் மண் ஏற்றலாம். வெளி அழுத்தம் கூடினால் திறந்துகொண்டு ஊற்றுத் தண்ணீரை உள்ளே விடும் வால்வும் கிடைக்கிறது. அது அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அந்த இரண்டு ராத்திரியும் நான் தூங்கவில்லை. குடையும் டார்ச்சுமாகப் போய்க் குழாயில் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் தரையிலிருந்து நாலு விரல் ஆழத்தில் நின்றது. குளம் அசையவில்லை. காலையில் பெரியவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "சார், குளம் இருக்குதா, ஏரிக்குப் போயிடுச்சா?" என்று கேட்டார். "இருக்குது ஐயா" என்று சொன்னபோது எனக்குக் குரல் கொஞ்சம் கம்மிவிட்டது.

தண்ணீர்ப் பஞ்சம் வருகிற ஊரில் வீட்டுக்கு ஒரு குளம் தேவையா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019 கோடையில் சென்னை குடத்தோடு தெருவில் நின்றதை யாரும் மறக்கவில்லை. என் மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி. 100 மில்லிமீட்டர் மழைக்கு அதில் 9,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. ஒரு நல்ல ஐப்பசி பெய்தால் குளம் நிரம்பிவிடும். ஆவியாகப் போவது கோடையில் நாளுக்கு 100 லிட்டர் அளவு. தார்ப்பாய் போட்டு மூடினால் அதிலும் பெரும்பகுதி மிச்சம். நிரப்பிய தண்ணீரை மாற்றுவதே இல்லை, சுத்தம்தான் செய்கிறோம். 25,000 லிட்டருக்கு ஒரு தடவை சுமார் 170 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். அதைப் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். பவுடரையும் ஆசிட்டையும் தப்பித் தவறியும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, விஷவாயு கிளம்பும். மோட்டார் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இல்லாமல் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

இப்போது அந்த இன்னொரு காரணம்.

மூன்றாம் ஆண்டில் நாம் போன சுற்றுலா உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வழியில் ஒரு கல்குவாரிக் குட்டை. பெயர் சொல்ல வேண்டியதில்லை, இன்றும் நம் வகுப்புப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் அவன் நிற்கிறான். கால் கழுவத்தான் இறங்கினான். இரண்டாவது அடியில் தரை இல்லை. கரையில் நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். எட்டுப் பேரும் இன்ஜினியர் ஆகப் போகிறவர்கள். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. கத்தினோம், ஓடினோம். ஊர்க்காரர் ஒருவர் வந்து வெளியே எடுத்துப் போட்டபோது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்தோம். அது தப்பு, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது முப்பது வருஷம் கழித்து, கம்பெனியில் நடந்த முதலுதவி வகுப்பில். அன்று வகுப்பு முடிந்து நான் யாரோடும் பேசவில்லை.

எங்கள் பக்கம் இப்போது நெடுகிலும் மண் எடுத்த பள்ளங்கள். மழைக்காலத்தில் நிரம்பிக் கிடக்கும். பார்க்க முழங்கால் ஆழம் மாதிரி இருக்கும், இறங்கினால் இரண்டு ஆள் ஆழம். வேலைக்கு வந்த வெளியூர்க் குடும்பங்களின் பிள்ளைகள் அதன் ஓரத்தில்தான் விளையாடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை, 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொல்கிறது. அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்த நிறுவனம் சொல்லும் வழிகள் பெரிய விஞ்ஞானம் இல்லை. தண்ணீரைச் சுற்றி வேலி போடுங்கள், ஆறு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுங்கள், கரையில் நிற்பவர்களுக்கு எப்படிக் காப்பாற்றுவது என்று பழக்குங்கள், அவ்வளவுதான்.

எங்கள் குளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகள் பதினோரு பேர் வருகிறார்கள். பெரியவரின் பேத்தியும் உண்டு. என் மகள் பள்ளிக்கூட நாளில் நீச்சல் போட்டிகளுக்குப் போனவள். பெண் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக் கொடுக்கிறாள். குளத்தைச் சுற்றி வேலி, வேலிக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். பெரியவர்கள் ஒருவர் கரையில் உட்காராமல் ஒரு பிள்ளையும் இறங்குவதில்லை. முதல் பாடம் கை கால் அடிப்பது இல்லை. மல்லாக்கப் படுத்து மிதந்துகொண்டு மூச்சு விடுவது. இரண்டாவது பாடம் கரையில். ஒருத்தன் மூழ்கினால் நீ குதிக்காதே, எதையாவது எறி. மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேனில் கயிறு கட்டி எறியப் பழக்குகிறோம். அஞ்சு லிட்டர் கேன் அஞ்சு கிலோ எடையைத் தாங்கும். தண்ணீருக்குள் இருக்கும் உடம்புக்குத் தலையை வெளியே வைத்துக்கொள்ள அது போதும்.

காலியாக இருக்கிற பாத்திரம் தண்ணீரில் மேலே வரும். என் குளத்தை உடைத்ததும் அந்த விதிதான், பிள்ளையைக் காப்பாற்றுவதும் அந்த விதிதான். அதை இந்தக் கல்லூரியில் படித்து, பரீட்சை எழுதி, மார்க்கும் வாங்கினோம். அன்று குவாரிக் கரையில், எங்கள் பஸ்ஸில் இரண்டு காலி டீசல் கேன் இருந்தது. கயிறும் இருந்தது. எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் கட்டடத்துக்கும் பரிசுக்கும் நிதி திரட்டுகிறோம், நல்லது. இந்த வருஷ நிதியிலிருந்து முதலாம் ஆண்டு மாணவர்கள் எல்லோருக்கும் நீச்சலும், மூச்சு கொடுத்து உயிர் மீட்கும் முதலுதவியும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நம் நண்பன் பெயரில் செய்யுங்கள். சுற்றுலாப் பஸ் ஒவ்வொன்றிலும் கயிறு கட்டிய ஒரு காலி கேன் இருக்கட்டும். அதற்கு என் பங்காக, இரண்டாவது குளத்துக்கு நான் செலவழித்த தொகையில் பாதியை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். வாழைத் தோட்டம் கேட்ட என் மனைவியின் சம்மதத்தோடுதான் கொடுத்திருக்கிறேன்.

யாராவது வீட்டில் குளம் கட்டப் போகிறீர்கள் என்றால் பிள்ளைப்பாக்கத்துக்கு வாருங்கள். கணக்கை நான் போட்டுத் தருகிறேன். ஆனால் முதலில் எதிர் வீட்டுப் பெரியவரிடம் கூட்டிப் போவேன்.